நேரலைக்கு முன்

ஃபேனை நிறுத்தினால்தான் மைக்கில் குரல் சுத்தமாக விழும். நிறுத்தினால் வேர்க்கும். வேர்த்தால் எதிரே நிற்கிற வட்ட விளக்கின் வெளிச்சத்தில் நெற்றி, எண்ணெய் தடவின தோசைக்கல் மாதிரி மின்னும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் தேசிங்கு ஐந்தாறு வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு நேரலை, இன்னும் கால் மணி நேரம் கிடக்கிறது, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை தானாகப் போய் சுவிட்சை அணைத்துவிட்டது. இறக்கைகள் சோம்பலாகச் சுற்றி நின்றதும் செஞ்சியின் சித்திரை வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சமையலறையில் மனைவி புனிதவதி தம்ளரைக்கூட ஓசைப்படாமல் வைக்கிறாள். நேரலை நாளில் இந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் ஏறாது, மகள் மதியமே அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு மனுஷன் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, பாவம் என்று வழக்கமாக அவனுக்குத் தோன்றும். இன்றைக்கு அதுகூடத் தோன்றவில்லை. இன்றைக்குத் தலைக்குள் ஒரே ஒரு குரல்தான், திருநெல்வேலிப் பக்கத்துக் குரல், "நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான் சார்" என்று திரும்பத் திரும்ப வந்து நிற்கிற குரல். அதற்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும். சொல்லப்போகிற வார்த்தையில் ஒரு பெண்ணின் பிழைப்பு இருக்கிறது. தன் பிழைப்பும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் சங்கடம்.

இசக்கியம்மாள். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். முகத்தை அவன் பார்த்ததே இல்லை, படம் வைக்கிற இடத்தில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருக்கிறாள். குரூப் நாலு பரீட்சை எழுதுகிறவர்களுக்காக அவன் நடத்துகிற 'தேசிங்கு சார் கணக்கு' என்கிற இணையதளத்தில், ஆரம்பித்த புதிதில் சேர்ந்தவர்களில் இன்னும் மிச்சம் இருக்கிறவள் அவள் ஒருத்திதான். மாதச் சந்தா ஒரு மாதம் தவறியதில்லை. அவள் அனுப்புகிற குரல் பதிவுகளுக்குப் பின்னால் கிரிச் கிரிச்சென்று ஒரு சத்தம் கேட்கும். எலியோ என்று நினைத்தான். பீடி இலை வெட்டுகிற கத்திரி சார் என்று பிறகு அவளே சொன்னாள். காதில் இயர்போன், மடியில் முறம், கை பீடி சுற்றும், காது கூட்டுவட்டி கேட்கும். இதைப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி அவன் பெருமைப்படாத மாதம் கிடையாது. தளத்தின் முகப்பில் "வேலை செய்துகொண்டே வெல்லலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டது அவளை நினைத்துத்தான். நேற்று வந்த பதிவில் கத்திரிச் சத்தம் இல்லை. கை வேலையை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறாள். ஊரில் புதிதாகத் திறந்திருக்கிற ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை வந்திருக்கிறதாம், திங்கட்கிழமை காலையிலேயே வந்து சேரச் சொல்கிறார்களாம், விடிந்து போனால் இருட்டித்தான் திரும்ப முடியுமாம், போனால் படிப்பு அவ்வளவுதானாம். போகாவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார மதினியின் தங்கச்சி தயாராக இருக்கிறாளாம். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாசம். "இந்தத் தடவ எனக்கு வந்துருமா சார்? எழுதுன்னு சொன்னீங்கன்னா எழுதுதேன். வேண்டாம்னா அவியகிட்ட சரின்னு சொல்லிருதேன். நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான் சார்." தளம் அதற்கு உடனே தானாகவே பதில் போட்டிருந்தது. உங்கள் சந்தேகத்துக்கு சார் ஞாயிறு நேரலையில் விளக்கம் அளிப்பார், தொடர்ந்து இணைந்திருங்கள். சதவீதத்தில் சந்தேகம் கேட்டவனுக்கும் அதே பதில், வாழ்க்கையைக் கேட்டவளுக்கும் அதே பதில். அவளோ அதற்கும் ஒரு கும்பிடு போட்டு, காத்திருக்கேன் சார் என்று எழுதியிருந்தாள். அந்தக் கும்பிடுதான் நேற்றிலிருந்து அவனைச் சாப்பிட விடவில்லை.

இதெல்லாம் குணாளன் செய்து கொடுத்த ஏற்பாடு. புனிதவதியின் தம்பி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு யோகா டீச்சருக்கும் கேக் டீச்சருக்கும் ஆரி வேலை சொல்லிக்கொடுக்கிற அக்காமார்களுக்கும் இப்படித் தளம் கட்டித் தருகிறவன். அப்போது தேசிங்கு காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தான். ஒரு தீபாவளிக்கு வந்தவன், மாமா, வகுப்புக்கு வகுப்பு வாங்கினா அது கூலி, மாசாமாசம் தானா வந்தா அதுக்குப் பேரு சம்பளம் என்றான். சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் தேசிங்கு விழுந்துவிட்டான். விழ மாட்டானா? அந்த ஒரு சொல்லுக்காக எட்டு முறை பரீட்சை எழுதினவன் அவன். ஒவ்வொரு முறையும் அது தெருமுனை வரைக்கும் வந்து பக்கத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டது. இப்போது ஒன்றாம் தேதி பல் துலக்கும்போதே போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பிக்கும், குளித்துவிட்டு வருகிறவரை அடித்துக்கொண்டே இருக்கும், மாப்பிள்ளை என்ன பண்றார் என்று மாமனார் ஊரில் யாரிடமும் முழுங்கி முழுங்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது என்று அவன் நடத்துகிற கணக்கு இருக்கிறதே, அதில் காலி செய்கிற குழாய் எது? பாஸாகிறவன். ஆர்டர் கையில் வாங்கினவன் இனிப்புப் பெட்டியைப் படம் பிடித்துப் போட்டு, எல்லாம் உங்களால்தான் சார் என்று உருகி எழுதிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே சந்தாவை நிறுத்திவிடுவான். நியாயம்தானே, தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்தவனுக்கு இவனுடைய லாப நஷ்டக் கணக்கு எதற்கு? நின்று நிலைக்கிறவர்கள் தோற்கிறவர்கள். இவன் வீட்டில் வேகிற சோறு அவர்கள் போடுகிற சோறு. டாக்டருக்கு மட்டும் என்ன, ஊரில் காய்ச்சல் வந்தால்தானே அவருக்கும் அடுப்பெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வான். ஆனால் எந்த டாக்டரும் வருகிறவனை வாசலில் நிறுத்தி, காய்ச்சலை விட்டுவிடாதே, இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று கெஞ்சுவதில்லை. இசக்கியம்மாள் போனால் அவள் ஒருத்தியின் சந்தா மட்டும் போகாது. விடிகாலையில் தளத்து மாணவர் குழுவில் முதல் வணக்கம் அவளுடையது. வாங்க தம்பி, பயப்படாதீங்க, சார் கணக்கக் கத மாதிரி சொல்லுவாவ என்று புதியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவது அவள். ரிசல்ட் அன்று அழுகிறவர்களை, தானும் தோற்றவள், உட்கார்ந்து தேற்றுவதும் அவள். அந்த அக்கா போனா ஒரு கும்பலே பின்னாடி போயிடும் மாமா என்று குணாளன் நேற்றுப் போனில் பதறினான். முடிவு ஆண்டவன் கையில, முயற்சி நம்ம கையிலன்னு பொதுவா ஒண்ணச் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க என்று யோசனையும் கொடுத்தான். நல்ல பையன்தான். அவனுக்குத் தளம் கட்டத் தெரியும், இசக்கியம்மாளைத் தெரியாது. தனக்கு மட்டும் தெரியுமா என்ன, தெரிந்ததெல்லாம் ஒரு பூவும் ஒரு கத்திரியும்.

நேற்றைய பதிவின் கடைசியில் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அதை மட்டும் அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான், மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. இதுக்கு முன்னாடி மூணு தடவ போயிருவம்னு பட்டன அமுக்குனேன் சார், ஒவ்வொரு தடவையும் நீங்க வந்து பேசுனீங்க, எனக்குன்னே பேசுன மாதிரி இருந்துச்சு, அதான் நின்னுட்டேன் என்றாள். தளத்தை விட்டுப் போக ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினதும் சந்தா நின்றுவிடாது, தேசிங்கு வந்துவிடுவான். அதுவும் குணாளன் வேலைதான். ஒரு மழை நாளில் இதே அறையில் புனிதவதி போனைப் பிடிக்க, ஒரே மூச்சில் எடுத்த வீடியோ. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்னப் பாரு என்று ஆரம்பிக்கும். நானும் உன்ன மாதிரிதான், கடைசித் தடவ லேட்டாப் போனேன், கேட்டச் சாத்திட்டாங்க, அந்தக் கேட்டப் புடிச்சிகினு அழுதேன், அன்னிக்கு விட்டவன்தான், விடாம இருந்திருந்தா இன்னிக்கு எங்கியோ இருந்திருப்பேன், நீ விட்டுடாத. கண் நிஜமாகவே கலங்கியது, புனிதவதிகூட மூக்கை உறிஞ்சினாள். ஆனால் அந்த கேட். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து கேட், பச்சைப் பெயின்ட் அடித்தது. பஸ் கூட்டுரோட்டில் பஞ்சராகி நின்று, இறங்கி ஓடி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால் சாத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள், அவள் அழுததுதான் அழுகை, இவன் மரியாதைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து சூடாக ரெண்டு போண்டா வாங்கித் தின்றான். சட்னி நன்றாக இருந்தது. தின்னத் தின்ன, பல வருஷமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ மெல்ல இறங்கிப் போவதை உணர்ந்தான். இனிமேல் எழுத வேண்டாம். மழைக்கு லீவு விட்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தது. பேனாவை டீக்கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் எல்லோரும் ஐயோ என்றார்கள், இவனும் ஐயோ என்றான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலை ரொம்ப வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் வீடியோவில் அழுகையாக்கி, போகிற ஒவ்வொருவர் முன்னாலும் ஓடிப்போய் நின்று காட்டிக்கொண்டிருக்கிறான். அதைப் பார்த்து ஒருத்தி மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறாள்.

சரி, சொல்லிவிடலாம், வேலைக்குப் போ என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தால், அங்கேதான் புத்தி மறுபடி கால் இடறுகிறது. நேற்று அவளுடைய பழைய மாதிரித் தேர்வுகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தமிழில் கிட்டத்தட்ட முழுசு, பொது அறிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கில்தான் ஒவ்வொரு முறையும் முங்குகிறாள். முங்குகிற இடத்தை உற்றுப் பார்த்தபோது பொறி தட்டியது. மனசுக்குள்ளேயே போட்டுவிடக்கூடிய கணக்கெல்லாம் சரி. எழுதிப் பார்த்தால்தான் வரும் என்கிற கணக்கெல்லாம் தப்பு. இவள் பேப்பரே எடுப்பதில்லை. எப்படி எடுப்பாள், கையில் பீடி இருக்கிறதே. கேட்டுகிட்டே இருங்க, கேட்டாலே பதிஞ்சிடும் என்று சொன்ன மகாராஜன் யார்? கணக்கைப் பாட்டு மாதிரி கேட்கவிட்டு வருஷக்கணக்கில் சந்தா வாங்கின மகாராஜன் யார்? உடம்பு கூசியது. அந்தக் கூச்சம் அடங்குவதற்குள் அடியிலிருந்து ஒரு சந்தோஷம் துள்ளிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் இவளுக்கு வரும்! மூன்று மாசம் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தால் வரும், இதை அவளிடம் சொன்னால் போதும், எழுது தாயே என்று சொல்லிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. உடனே சந்தேகம் பிடித்துக்கொண்டது. இப்போது உள்ளே துள்ளியது யார்? வாத்தியாரா, ஒன்றாம் தேதி போன் சத்தமா? பிரித்துப் பார்க்க முயன்றான். ரெண்டும் ஒரே குரலில் பேசின. வரும் என்று நினைத்தால் இது தன் பிழைப்புப் பேசுகிறது என்று தோன்றுகிறது, வராது என்று நினைத்தால் நல்லவன் என்று பேர் வாங்கிக்கொள்ள அவள் சான்ஸைக் கெடுக்கிறோமோ என்று தோன்றுகிறது. லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள், பேப்பர் பிடித்து எழுதுகிறவர்களே வரிசையில் நிற்கிறார்கள். கை பேப்பரைப் பிடித்தால் பீடியை விட வேண்டும், பீடியை விட்டால் மதினி என்ன பேசுவாள்? மூன்று மாசம் கழித்து வரவில்லை என்றால், ஸ்கேன் சென்டர் நாற்காலியில் மதினியின் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள், இசக்கியம்மாள் மறுபடி கத்திரியை எடுப்பாள், மறுபடி ஒரு நாள் பட்டனை அழுத்துவாள், இவன் மறுபடி போய் நின்று அழுவான். விளக்கைப் போட்டு, இன்னும் திறக்காத கேமராவைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், முடிவு ஆண்டவன் கையில. வாய் கோணியது. இவ்வளவு பேர் பார்க்க நேரலையில் அவள் பெயரைச் சொல்லி இதைப் பேச முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திரையின் ஓரத்தில் வகுப்புக்குக் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சேர ஆரம்பித்திருந்தார்கள். செம்பருத்திப் பூவும் வந்துவிட்டிருந்தது. அவளுடைய நம்பர் சேர்க்கை விவரத்தில் இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டான்.

எடுத்தவள் யார் என்று கேட்டாள். நான்தாம்மா, தேசிங்கு என்றதும் அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. யாரையோ சத்தம் போடாதீங்க, சார் பேசுதாவ என்று அதட்டினாள். வகுப்புக்கு உட்கார்ந்துவிட்டேன் சார், ஏதும் தப்பாக அனுப்பிவிட்டேனா என்றாள். இல்லை என்றான். அதற்குமேல் என்ன பேசுவது என்று அவன் எதையும் யோசித்து வைக்கவில்லை. யோசித்தால் மறுபடி குழம்பும் என்று பயமாக இருந்தது.

"வேலைக்குப் போம்மா," என்றான்.

அவன் கடகடவென்று பேசினான். பேப்பர் விஷயத்தைச் சொன்னான், கேட்டால் போதும் என்று தான் சொன்னது தப்பு என்றான், உனக்கு மூளை இல்லாமல் இல்லை, கணக்கு கையால் வருகிறது, அந்தக் கையை நீ வேறு வேலைக்கு விட்டிருந்தாய், அதை நான் கவனிக்கவில்லை என்றான். வரும் என்று சொல்ல என்னால் முடியவில்லை, வராது என்று சொல்லவும் நான் யார், ஆனால் இன்னும் வராத ஒன்றுக்காக வந்ததை விடாதே என்றான். பின்னாளில் எழுத வேண்டும் என்று தோன்றினால் ராத்திரி ஒரு பேப்பரை எடுத்துவைத்து நீயே போட்டுப் பார், அதற்கு எனக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை, எல்லாமே பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்றும் சொன்னான். சொல்லும்போதே குணாளன் முகம் ஒரு கணம் வந்து போனது.

"சந்தாவ இன்னிக்கே நிறுத்திடும்மா. அந்தப் பட்டன அமுக்கினா நான் வந்து பேசுவேன். கேக்காத. நான் பேசிக்கினு இருக்கும்போதே மூடிட்டுப் போயிடு."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. அழுகிறாளோ என்றும் இருந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, சரி சார் என்றாள். ரொம்ப நாளாக மனசுக்குள் இதுதான் சார் கிடந்தது, ஆனால் வீட்டில் அய்யாவும் எழுது என்கிறார், கூட்டாளிகளும் எழுது என்கிறார்கள், நாமே நிறுத்தினால் தோற்றுப்போனவள் ஆகிவிடுவோமே என்று கிடந்தேன், ஒருத்தராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது சார் என்றாள். குரலில் வருத்தம் இருந்தது, அதைவிட அதிகமாக, சுமையை இறக்கி வைத்தவளின் மூச்சு இருந்தது. அந்த மூச்சை அவனுக்குத் தெரியும். பிறகு கேட்டாள்.

"ஒங்களுக்கு அப்பம் யாராச்சும் இப்பிடிச் சொன்னாங்களா சார்?"

அவன் நினைத்துப் பார்த்தான். அம்மா ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை கண்டிப்பாக வரும் என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் பரீட்சைக் கட்டணத்தை எடுத்து வைப்பார். கூடப் படித்தவர்கள் விடாதே மச்சான் என்று தோளில் தட்டினார்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அவன் மேல் பிரியம் வைத்தவர்கள்.

"இல்லம்மா. யாரும் சொல்லல."

"அப்பம் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க சார்," என்றாள் இசக்கியம்மாள்.

அந்தப் பரீட்சை வருஷங்களைப் பற்றி இதுவரை அவனிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை, அவனும் தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. வெட்கமில்லாமல் கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. வைக்கட்டுமா சார், அவியளுக்குப் போன் பண்ணிச் சொல்லணும் என்று அவளே வைத்தாள். திரையில் சார் வகுப்பு இருக்கா, இல்லையா என்று கேள்வி மேல் கேள்வியாக வந்துகொண்டிருந்தது. நாலு மணி தாண்டியிருந்தது.